காரை மலையிறக்காதே அம்மிணி

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவின் முட்டிவலி தேவலை.

போனில் பாதிப் பேச்சில் சிக்னல் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை காரை வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கே ஓட்டி வந்துவிடுகிறேன், நீங்களே பாருங்கள் என்று நீ சொன்னது மட்டும் காதில் விழுந்தது. வேண்டாம் சாமி. மிதித்த பிரேக் பெடல் தானாக இறங்குகிற வண்டியை அட்டகட்டி தாண்டி ஆழியாறு வரைக்கும் 40 கொண்டை ஊசி வளைவில் இறக்குகிற வேலையே வேண்டாம். பள்ளிக்கூடத்துக்கும் பஸ்ஸிலேயே போய் வா. நான் மேலே வருகிறேன். எந்தச் சாமானை வாங்கி வருவது என்று தெரிந்தால் ஒரே நடையில் முடியும். அதனால்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியை மறந்துவிடுவாய்.

அங்கே ஒர்க்‌ஷாப்பில் பிரேக் ஆயில் ஊற்றி, சரியாகிவிடும் என்று அனுப்பினார்களாமே. ஏன் குறைந்தது என்று பார்க்காமல் ஊற்றுவது வைத்தியமா? என்ஜின் ஆயில் மாதிரி பிரேக் ஆயில் எரிந்து குறையாது. முன்சக்கரத்தை அழுத்திப் பிடிக்கிற பிரேக் பேட் தேயத் தேய மட்டம் கொஞ்சம் இறங்கும், அதுவும் மாதக்கணக்கில். சில நாளிலேயே இறங்கினால் எங்கேயோ ஒழுகுகிறது.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்து. சக்கரத்துக்குக் கல் வை, ஹேண்ட் பிரேக் போடு. முதலில் பெடலுக்கு அடியில் மேட், தண்ணீர் பாட்டில் எதுவும் இல்லையே என்று பார். சிரிக்காதே, அதற்கே வண்டியைத் தூக்கி வந்தவர்கள் உண்டு. பிறகு என்ஜினை அணைத்துவிட்டு, பெடல் கெட்டியாகும் வரை நாலைந்து முறை மிதி. இப்போது மெதுவாக அழுத்தி, காலை எடுக்காமல் ஒரு நிமிஷம் அப்படியே இரு. மெதுவாக என்பதைக் கவனி. உள்ளே தேய்ந்த ரப்பர் ஓங்கி மிதித்தால் விரிந்து பிடித்துக்கொள்ளும். லேசாக அழுத்தும்போதுதான் குட்டு வெளிப்படும்.

காலுக்கடியில் பெடல் நழுவி நழுவி இறங்கி, வெளியே எங்கும் ஒழுகலும் இல்லையென்றால் அநேகமாக மாஸ்டர் சிலிண்டர்தான், அதாவது பெடலை மிதித்தால் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற பம்ப். வாசர் தேய்ந்த சைக்கிள் பம்ப்பை அடித்தால் காற்று பின்பக்கமே போகுமே, அதே கதை. ஆயில் சக்கரத்துக்குப் போகாமல் ரப்பரைத் தாண்டித் திரும்பிவிடுகிறது. பிரேக் ஆயில் டப்பாவில் மட்டமும் குறையாது, அதனால்தான் பலரும் ஏமாறுகிறார்கள். காலை எடுக்காமலேயே என்ஜினை ஸ்டார்ட் செய்தால் பெடல் ஒரு இறக்கம் இறங்கி நிற்கும். அதற்குப் பயப்படாதே, கால் பலத்தைக் கூட்டிக் கொடுக்கிற பூஸ்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

இறங்காமல் பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்து, அடிக்க அடிக்க மேலே வந்தால் ஆயில் போகிற லைனில் ஏர், அதாவது காற்று இருக்கிறது. மேலே வந்ததும் கல் மாதிரி கெட்டியாக நின்றால் பின்சக்கர டிரம்மில் உரசிப் பிடிக்கிற லைனிங் தேய்ந்து இடைவெளி கூடியிருக்கும். அட்ஜஸ்ட் செய்தால் போதும்.

ஒழுகலைக் கண்டுபிடிக்க டப்பாவில் இப்போதுள்ள மட்டத்தில் பேனாவால் ஒரு கோடு போடு. ராத்திரி நாலு சக்கரத்துக்கும் அடியில் அட்டை விரித்துவிட்டு, காலையில் டயரின் உள்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பார். ஈரமாக, மழைத்தண்ணீர் மாதிரி காயாமல், வழவழவென்று இருந்தால் அந்தச் சக்கரம். எங்கேயும் ஈரமில்லை, ஆனால் கோட்டுக்குக் கீழே மட்டம் போய்விட்டது என்றால் மாஸ்டர் சிலிண்டரின் பின்வழியாக பூஸ்டருக்குள் போகலாம். கையில் பட்டால் உடனே கழுவு. பெயின்ட்டில் சிந்தினால் தண்ணீர் ஊற்று, பெயின்ட்டைத் தின்றுவிடும்.

இன்னொன்றும் சொல். சமவெளியில் நன்றாக இருந்து, இறக்கத்தில் மட்டும் பெடல் கீழே போய், அரைமணி நேரம் நிறுத்தினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஆகிறதா? அப்படியென்றால் கோளாறு ஆயிலில். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். வால்பாறை மழைக்குக் கேட்கவா வேண்டும். டாட் என்பது பிரேக் ஆயிலின் தரம். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது கணக்கு. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அதுவே 140 வரை இறங்கலாம். பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கினால் அந்தச் சூடு வந்துவிடும். ஆயில் ஆவியாகும், ஆவி அமுங்கும், பெடல் தரைக்குப் போகும். ஏறின கியரிலேயே இறங்கு என்று மலை டிரைவர்கள் சும்மாவா சொல்கிறார்கள்? ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நீ வாங்கியதிலிருந்து மாற்றவே இல்லையே.

யார் சொன்னாலும் அந்த டப்பாவில் வேறு ஆயில் ஊற்ற விடாதே. என்ஜின் ஆயில் கொஞ்சம் கலந்தாலும் ரப்பர் எல்லாம் ஊதிப்போய், மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஹோஸ் வரை எல்லாவற்றையும் கழற்ற வேண்டிவரும்.

ஏர் எடுப்பதை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். மாப்பிள்ளையை அன்றைக்கு ஊரில் இருக்கச் சொல், பெடல் மிதிக்க ஆள் வேண்டும். சக்கரத்தில் காற்றை வெளியே விடுகிற நிப்பிளை நான் திறந்ததும் அவர் அமுக்கணும், நான் மூடி முடிக்கும்வரை காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் விட்ட காற்று திரும்ப உள்ளே போகும். பெடலுக்கு அடியில் ஒரு கட்டை வைத்துவிடுவேன். பழைய சிலிண்டரில் பெடலைத் தரைவரை தள்ளினால், இதுவரை ரப்பர் போகாத துருப்பிடித்த இடத்தில் உரசிக் கிழிந்துவிடும். நம் வண்டியில் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரம் இடது பின்சக்கரம், அங்கேதான் வழக்கமாகத் தொடங்குவது. வண்டியோடு வந்த புத்தகத்தில் வேறு வரிசை போட்டிருந்தால் அதுதான் கணக்கு, தேடி எடுத்து வை.

டப்பா மூடியை போட்டோ எடுத்து அனுப்பு, எந்த டாட் என்று அதில் இருக்கும். ஆர்.சி. புத்தகத்தையும் எடுத்து அனுப்பு. வருஷத்துக்கு வருஷம் சிலிண்டர் மாறும், ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற பிரேக் வசதி) உள்ளதா இல்லையா என்பதற்கும் மாறும். வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் சனிக்கிழமை வாங்கிவிடுவேன், ஞாயிறு கடை அடைப்பு. 10 எம்.எம். ரிங் ஸ்பேனரும் ட்யூபும் என்னிடம் இருக்கின்றன. அங்கே காலி வாட்டர் பாட்டில் ஒன்றும் பழைய துணியும் இருந்தால் போதும். முதல் பஸ்ஸுக்கே ஏறுகிறேன்.

அப்பா