ஸ்கார்பரோவிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். படத்தைத் தொட்டால் பேசும் ஐபேடைக் கையில் கொடுத்துவிட்டால் உன் மகன் குட்டிக்குப் பேச்சே வராமல் போய்விடுமோ என்று எழுதியிருந்தாய். அப்படி ஆகாது அக்கா. கருவியால் பேச்சு குறைவதில்லை, சில பிள்ளைகளுக்குக் கூடவும் செய்கிறது என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன.

நான் உதவியாளராக இருக்கும் வகுப்பில் ஒரு சிறுமி. அவள் படத்தைத் தொட்டால் ஐபேட் குரல் கொடுக்கும். ஆனால் கருவி வந்த அன்றே அவள் பேசிவிடவில்லை. பேச்சுப் பயிற்சியாளர் முதலில் பாடம் எடுத்தது எங்களுக்குத்தான். அவளிடம் பேசும்போது நாங்களும் படங்களைத் தொட்டுப் பேச வேண்டும். "வெளியே போகலாம்" என்றால் 'வெளியே', 'போ' இரண்டையும் அவள் பார்க்கத் தொடுவோம். அவள் கையைப் பிடித்து அழுத்த வைப்பதில்லை. அவள் உடனே திருப்பித் தொட வேண்டும் என்றும் இல்லை; தொட்டில் குழந்தையிடம் பதிலை எதிர்பார்த்தா பேசுகிறோம்? ஏதாவது கேட்டுவிட்டால், அவள் தேடி முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் காத்திருக்க வேண்டும். பெரியவர்களுக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம்.

படங்களை இடம் மாற்றக் கூடாது, விரல் பழகிய இடம் அது. குறும்பு செய்தாள் என்று கருவியைப் பிடுங்கி வைக்கவே கூடாது, வாயைக் கட்டுவதும் அதுவும் ஒன்று. சார்ஜ் தீர்ந்தால் கைகொடுக்க, லேமினேட் செய்த படத்தாள் ஒன்று எப்போதும் பக்கத்தில் இருக்கும்.

இந்த டொரண்டோவில்தான் 1971-இல் ஷெர்லி மெக்நாட்டன் என்ற ஆசிரியை, சார்லஸ் பிளிஸ் என்பவர் உருவாக்கிய படக் குறியீடுகளைக் கொண்டு, வாய்பேச முடியாத பிள்ளைகளைப் பேச வைத்தார். அப்போது குறியீடுகளைத் தொட்டுக் காட்ட வெறும் பலகைதான்! அதனால் விலையை நினைத்துத் தயங்காதே, தாளிலேயே தொடங்கலாம்.

இப்படிப் படம் தொட்டுப் பேச உதவும் அவாஸ் செயலி நம் சென்னையில் உருவானது, தமிழும் இருக்கிறது. கோட்டூர்புரத்தில் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான வித்யா சாகர் மையம் இருக்கிறது, 1985-இல் தொடங்கியது. குட்டியை ஒருமுறை அங்கே அழைத்துப் போ.

சாப்பாட்டுப் படங்களை மட்டும் அடுக்கிவிடாதே. 'வேண்டாம்', 'நிறுத்து', 'ஏன்' எல்லாம் இருக்கட்டும். அண்ணனோடு சண்டை போடவும் அவனுக்கு வார்த்தை வேண்டாமா? பள்ளியில் கருவியைப் பைக்குள் வைக்காமல் அவன் மேஜைமேல் வைக்கச் சொல். மாமாவிடமும் இதைப் படிக்கக் கொடு. வீட்டில் அவரும் தொட்டுப் பேச வேண்டும்.

அன்புடன்,
உன் தங்கை