நைன் வீட்டுச் சாவி என்னிடம்தான் இருக்கிறது

அன்பு மகளுக்கு,

படங்கள் வந்து சேர்ந்தன. மஞ்சள் பூட்ஸ் போட்டுக்கொண்டு பையன் சேற்றில் நிற்கிறானே, அந்தப் படத்தை அப்பா ஃபோனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, கால் அப்படியே தன் கால் என்கிறார். அவனுக்குச் சளி விட்டதா? காப்பகத்தில் ஒரு குழந்தைக்கு வந்தால் எல்லாக் குழந்தைக்கும் வரும். காதை மூடி அனுப்பு. மாப்பிள்ளையையும் கேட்டதாகச் சொல்.

இங்கே வேல்ஸில், நம் அபர்டாரோனில், இந்த வாரம் முழுக்கத் தென்மேற்குக் காற்று. என்லித் தீவுக்குப் படகு போகவில்லை. அப்பா தினமும் போர்த் மெய்துவி படகுத்துறைக்குப் போய், இழுத்து மேலே ஏற்றி வைத்த படகைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, கிழிந்த இறால் கூண்டுகளுக்கு வலை கட்டிக்கொண்டிருக்கிறார். கடலுக்குள் கிடக்கும் கூண்டுகள் என்ன கதியானதென்று காற்று அடங்கினால்தான் தெரியும். போன மாதம் சிங்கி இறால் பரவாயில்லை. எப்போதும் போல அதில் பெரும்பகுதி ஸ்பெயினுக்கு லாரி ஏறிப் போய்விட்டது.

உன் நைன் பாட்டி வீட்டைத் திறந்து பார்த்தேன். பின்னறையில் மறுபடி ஈரம். ஜன்னலுக்குக் கீழே, தட்டு அலமாரியை ஒட்டிய மூலையில், உள்ளங்கை அகலத்துக்குச் சுண்ணாம்பு உப்புப் பூத்திருக்கிறது. விரலால் தொட்டால் உதிர்கிறது. அலமாரியைச் சுவரைவிட்டுக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். நீலத் தட்டுகளை எல்லாம் எடுத்துத் துடைத்து அடுக்கினேன். விளிம்பு உடைந்த தட்டை நீ பின்வரிசையில் மறைத்து வைப்பாயே, அதை அங்கேயே வைத்துவிட்டேன். வீட்டைப் பூட்டியே வைத்தால் ஈரம் ஏறத்தான் செய்யும். அடுப்பு எரிகிற வீட்டில் ஈரம் தங்காது. இதை உன்னிடம் முன்பே சொல்லியிருக்கிறேன்.

நான் உள்ளே இருக்கும்போது ஒருவர் வந்தார். இளைஞர்தான், நல்ல காலணி போட்டிருந்தார். மதிலுக்கு வெளியே நின்று வீட்டைப் படம் எடுத்தார். அப்புறம் தோட்டத்துக்குள் வந்து, சிவப்புப் புள்ளி அடிக்கும் சின்னக் கருவியை வைத்து வாசலிலிருந்து மதில்வரை அளந்தார். நான் கதவைத் திறந்து, நம் வெல்ஷ் மொழியில் என்ன வேண்டும் என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. 'வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள் என்றார்களே' என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார். தண்ணீர் மீட்டர் பார்க்கிற ஆளாக இருக்கும். அப்பாவிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ வேலையில் மும்முரமாக இருப்பாய் என்று தெரியும். கடைசியாக நாம் சாவகாசமாகப் பேசியது பையன் பிறந்தநாள் அன்று. அதற்குப் பிறகு படங்கள் வருகின்றன, ஃபோன் வரவில்லை. குறையாகச் சொல்லவில்லை. பாலம் கட்டுகிற வேலை என்றால் சும்மாவா? கடையில் யார் கேட்டாலும் அப்பா உன் பாலத்தைப் பற்றித்தான் சொல்கிறார். கேட்காதவர்களிடமும் சொல்கிறார். போட்டுன்னோக் பள்ளி 1616-லிருந்து இருக்கிறது, இந்தப் பக்கத்துப் பெண் பிள்ளைகளில் எத்தனை பேர் அங்கிருந்து கிளம்பி இன்ஜினியர் ஆனார்கள் என்பார். சின்ன வயதில் நீ ஃபிரெஞ்சு, ஸ்பானிஷ் என்று புத்தகத்தோடு திரிந்தபோது டைட் தாத்தா உன்னை 'டிக் அபர்டாரோன்' என்றே கூப்பிடுவார், நினைவிருக்கிறதா? நம் ஊர்த் தச்சன் மகன், பள்ளிக்கூடத்தில் உருப்படியாகப் படிக்காமலே ஊர் ஊராக அலைந்து பத்துக்கு மேல் மொழி கற்றவன், சட்டைப் பைகள் நிறையப் புத்தகம். டைட் அவனைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் கொஞ்சம் குரல் இறங்கி, 'ஆனால் 1843-ல் செயின்ட் அசாஃப் ஊரில்தான் செத்தான், அங்கேயேதான் புதைத்தார்கள்' என்று முடிப்பார்.

நைன் வீட்டு வரிக் காகிதத்தை உனக்குத் தபாலில் அனுப்பியிருந்தேன். பிரித்துப் பார்த்திருப்பாய். 150 சதவீதம் கூடுதல் என்றால் பிரிஸ்டலில் வீட்டுக் கடனும் கட்டிக்கொண்டு சமாளிப்பது கஷ்டம்தான். எனக்குப் புரியாமல் இல்லை. நம் குவினெத் மாவட்டக் கவுன்சில் 2018-ல் 50 சதவீதத்தில் ஆரம்பித்தது, 2021-ல் 100 ஆக்கியது, 2023-ல் 150. இரண்டாவது வீடு வைத்திருக்கிறவர்களுக்கு அது வரவேண்டும் என்று தெருவில் நின்று கேட்டவர்கள் நாம்தான். 'வேல்ஸ் விற்பனைக்கு அல்ல' என்ற அட்டையைப் பிடித்துக்கொண்டு நீ நிற்கிற படம் இன்னும் நம் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது. மழையில் எழுத்து கரைந்து உன் கையெல்லாம் சிவப்பு. அன்று உன்னைப் பார்த்து எனக்கு எவ்வளவு பெருமை என்று அப்போது சொன்னேனா தெரியவில்லை, இப்போது சொல்கிறேன்.

அந்த வரி நைன் வீட்டுக்கே வரும் என்று அன்று யாரும் நினைக்கவில்லை. என் பாட்டி 1925-ல், என்லியின் ராஜா என்று அழைக்கப்பட்ட லவ் பிரிட்சர்டும் மற்றவர்களும் தீவைவிட்டுக் கரைக்கு வந்த வருஷம், அந்தத் தட்டு அலமாரியை வைக்கோல் சுற்றிப் படகில் ஏற்றி, அந்தப் பொல்லாத நீரோட்டத்தைக் கடந்து கொண்டுவந்து வைத்த வீடு அது. கவுன்சில் கணக்கில் இப்போது அது இரண்டாவது வீடு. சட்டத்தில் தப்பில்லை. உனக்கு முதல் வீடு பிரிஸ்டலில் இருக்கிறது.

ஒன்று கேள். அந்த வீட்டில் யாராவது நிரந்தரமாகக் குடியிருந்தால் அந்தக் கூடுதல் வரி கிடையாது. குடியிருப்பவர்களே வீட்டு வரியைக் கட்டிவிடுவார்கள். யோசித்துப் பார்.

உனக்கு அந்தப் பையனைத் தெரியும், படகு இன்ஜின் பார்க்கிறவன், ஞாயிறு பள்ளியில் உன் பின்னால் உட்கார்ந்து சடையை நாற்காலியில் கட்டிவிட்டவன். அவன் மனைவி நம் ஊர்ப் பள்ளியில் உதவி ஆசிரியை. இரண்டு குழந்தைகள். அவன் அப்பாவின் பண்ணையில் ஒரு கேரவனுக்குள் நாலு பேரும் இருக்கிறார்கள். இந்தக் காற்றில் கேரவன் எப்படி ஆடும் என்று நீயே நினைத்துக்கொள். ராத்திரி சின்னது பயந்து அழுதால் தூக்கிக்கொண்டு பண்ணை வீட்டுக்கு ஓடுகிறார்களாம். வாடகைக்கு வீடு இல்லாமல் இல்லை. அக்டோபர் முதல் ஈஸ்டர் வரை தருகிறேன் என்கிறார்கள், கோடை வந்தால் காலி பண்ண வேண்டும். பிள்ளைகளை வைத்துக்கொண்டு வருஷா வருஷம் மூட்டை கட்ட முடியுமா? அவர்கள் புல்ஹெலி டவுனுக்குப் போய்விடலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு புல்ஹெலியிலும் கிடைக்காமல் பாங்கர், அதற்குப் பிறகு எங்கேயோ.

இரண்டு குழந்தை போனால் நம் பள்ளிக்கு என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அபர்சோக் பள்ளியை 2021 கடைசியில் மூடினார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகள்தான் மிச்சம். அந்த ஊரில் வீடு இல்லையா? வீதிக்கு வீதி வீடு. பிள்ளை பெறுகிற வயதில் ஆள் இல்லை. அங்கே மூடினபோது அந்தப் பிள்ளைகளின் பாட்டிமார் அழுததை நான் கண்ணால் பார்த்தேன்.

2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேல்ஸ் முழுக்க நம் மொழி பேசுகிறவர்கள் 17.8 சதவீதம், குவினெத்தில் 64.4 என்று வந்ததை அப்பா பத்திரிகையில் வெட்டி வைத்திருக்கிறார். 2050-க்குள் பத்து லட்சம் பேரைப் பேச வைப்போம் என்று கார்டிஃப் அரசு சொல்கிறது. வைக்கட்டும், சந்தோஷம். ஆனால் எனக்குத் தெரிந்து மொழி இருக்கிற இடம் மீன் இறக்குகிற டிராக்டர் பக்கம், கடை வாசல், பள்ளி மதில், சாப்பல் ஆராதனை முடிந்து காருக்கு நடக்கிற பத்து நிமிஷம். அங்கெல்லாம் நிற்க ஆள் வேண்டும். ஆள் நிற்க வீடு வேண்டும்.

வெளியூர்க்காரர்கள் மேல் எனக்குக் கோபம் என்று நினைக்காதே, உன் வீட்டுக்காரர் தப்பாக எடுத்துக்கொள்ளப் போகிறார். கடையில் இருக்கிறாளே லிவர்பூல்காரி, அவள் நான்ட் குர்தெய்ர்னில் தங்கிப் படித்துவிட்டு வந்தாள். அதுவும் ஒரு காலத்தில் ஆள் இல்லாமல் கூரை விழுந்து கிடந்த குவாரிக் கிராமம்தானே. 1978-ல் அதை வாங்கி மொழிப் பள்ளியாக ஆக்கினார்கள். இன்று அவள் என்னோடு ஆல்டோ குரலில் பாடுகிறாள், என் உச்சரிப்பைக் கேட்டுத் தன்னுடையதைத் திருத்திக்கொள்கிறாள். வருஷம் முழுக்க இங்கே இருக்கிறாள், அது போதும் எனக்கு. மாப்பிள்ளையும் ஃபோனில் காலை வணக்கத்தை நம் மொழியில் அழகாகச் சொல்கிறார். பையன் போன தடவை திரையில் என்னைப் பார்த்து, நம் மொழியில் பாட்டியைக் கூப்பிடுவது போல 'நைன்' என்றானே, அதற்குப் பிறகு வந்த வார்த்தை எல்லாம் ஆங்கிலம். சின்னப் பிள்ளைதான், போகப் போக வரும். நீ மட்டும் அவனோடு விடாமல் பேசு. குளிப்பாட்டும்போது பேசு, தூங்கவைக்கும்போது பேசு.

கோடையில் அவனை இங்கே விட்டுவிட்டுப் போயேன். போர்த்தோர் கடற்கரையில் காலால் மணலைத் தேய்த்தால் விசில் வருவதைக் காட்டலாம். செயின்ட் ஹவின் தேவாலயத்துக் கல்லறைச் சுவரில் உட்கார வைத்து, கீழே அலை வந்து அடிப்பதைப் பார்க்க வைக்கலாம். நீ அந்தச் சுவரில்தான் நடை பழகினாய். நைன் வீட்டிலேயே தங்கலாம் என்று எழுத வந்தேன். அந்தக் குடும்பம் அங்கே குடிவந்தால் நம் வீட்டில் தங்கலாம், உன் அறை இருக்கிறது.

வாடகை குறைவாகத்தான் தர முடியும் அவர்களால். கோடைக்கு விட்டால் ஒரு வாரத்தில் வருகிற காசு அவர்களிடம் ஒரு மாதத்துக்கும் வராது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கூரை ஓடுகளைப் பழுதுபார்க்க ஆகும் செலவில் பாதியை நானும் அப்பாவும் போடுகிறோம். இந்த வருஷ வரியிலும் பாதி தருகிறோம். அப்பா கூண்டு வாங்க எடுத்து வைத்தது இருக்கிறது, அவர் சரி என்றுவிட்டார். எதற்கு என்று கேட்கவில்லை. அவருக்கும் மீட்டர் ஆள் கதையில் நம்பிக்கை இல்லை என்று நினைக்கிறேன்.

வீடு உன் பெயரில் இருக்கிறது. நைன் யோசித்துத்தான் உனக்கு எழுதி வைத்தாள், எனக்கு அதில் வருத்தம் இருந்ததே இல்லை. முடிவு உன்னுடையது. எதிலும் அவசரப்பட்டுக் கையெழுத்து மட்டும் போட்டுவிடாதே. பொதுவாகச் சொல்கிறேன். காசு நெருக்கடி என்றால் என்னிடம் சொல், வெட்கப்படாதே. அம்மாவிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வாய்? கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு ஃபோன் போடு, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை சுவரைப் பார்க்க ஆள் வருகிறார். பில் என் பெயருக்கு வரச் சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணிடமோ அவள் கணவனிடமோ நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. ஆசை காட்டிவிட்டு இல்லை என்றால் பாவம். நீ ஒரு வார்த்தை சொன்னால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பல் முடிந்து பன்னிரண்டரைக்கு வீட்டில் இருப்பேன். அப்பா பக்கத்தில் இல்லாதபோது பேச வேண்டும் என்றால் செவ்வாய் காலையில் கூப்பிடு, காற்று நின்றிருந்தால் அவர் கடலில் இருப்பார்.

அன்புடன்,
அம்மா