குடிலில் ஒரு செட்டியார் கடை

தேவகோட்டை

அன்புள்ள வாலுக்கு,

உன் கடிதம் புத்தாண்டுக்கு முந்தின நாள் வந்தது. முழங்காலுக்கு டாக்டர் சொன்ன பயிற்சியை நீ செய்வதில்லை என்பது நீ எழுதாமலே தெரிகிறது. செய்யடி. மகளுக்குப் பெங்களூருக்கு மாற்றல் கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம். இனிப் பேரனைப் பார்க்க ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம். இங்கே எல்லாரும் சுகம். அப்பச்சிக்குத்தான் காது இன்னும் மந்தமாகிவிட்டது. நாங்கள் கத்திக் கத்திப் பேசுவதைத் தெருவில் போகிறவர் கேட்டால் சொத்துத் தகராறு என்றே நினைப்பார்.

பள்ளிக்கூடத்துக் கிறிஸ்துமஸ் இப்போதும் நம் காலத்து மாதிரியே நடக்கிறதா என்று கேட்டிருந்தாய். நடக்கிறது. ஆனால் இந்த வருஷம் அதற்கு ஒரு சண்டை போட வேண்டியிருந்தது.

டிசம்பர் முதல் வாரம் ஆசிரியர் கூட்டம். புதிதாக வந்த டீச்சர் ஒருத்தி, நல்ல பெண், செல்போனைக் காட்டி, "கிறிஸ்துமஸ் குடில் ரெடிமேடாகவே கிடைக்கிறது மிஸ், விளக்கு, சொரூபம் எல்லாம் ஒரே செட். எதற்கு இந்த மழையில் வைக்கோலும் மண்ணுமாக அவஸ்தைப்பட வேண்டும்?" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அரையாண்டுப் பரீட்சை நடக்கும்போதுதான் எல்லா ஏற்பாடும். கணக்குக்குப் படி என்றால் பிள்ளைகள் கோந்து தேடி அலைகிறார்கள். போதாததற்கு ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகையிலும் விட்டபாடில்லை. ஆனால் எனக்குப் பொறுக்கவில்லை. புனித அசிசி பிரான்சிஸ் 1223-இல் இத்தாலியில் கிரெச்சோ ஊர்க் குகையில் முதன்முதலாகக் குடில் அமைத்தபோது அந்த ஊர் வைக்கோலைப் போட்டு, நிஜ மாட்டையும் கழுதையையும்தானே நிறுத்தினார்? ஊர் ஜனங்கள் தங்கள் தொழுவத்திலேயே பாலன் இயேசு பிறந்ததாக நினைக்கட்டும் என்றுதானே? நம் குடிலுக்கு நம் ஊர் வைக்கோல்தான் வேண்டும் என்றேன். திருநீறு பூசின நெற்றியோடு நான் புனிதரின் சரித்திரம் சொன்னதில் எங்கள் பள்ளிக் கன்னியாஸ்திரியான சிஸ்டருக்கு ஒரே சிரிப்பு. கடைசியில் பஞ்சாயத்து இப்படி முடிந்தது: ஸ்டார் கடையில், குடில் கையால். பாதி ஜெயித்தேன் என்று வைத்துக்கொள். ஸ்டார் போனதில் வருத்தம்தான். மூங்கில் பட்டையைச் சீவி, ஐந்து முனையும் கோணாமல் கட்டி, மைதாப் பசையில் கலர் பேப்பர் ஒட்டி... அதெல்லாம் இனி நம்மோடு சரி.

குடில் பொறுப்பு வழக்கம்போல் எட்டாம் வகுப்புக்கு. புல்வெளிக்குக் கேப்பையை ஊறவைத்து, கொட்டாங்குச்சியில் மண் நிரப்பித் தூவி, வைக்கோலால் மூடி, பரீட்சை நடக்கும் அறைக்குப் பின்னால் இருட்டு மூலையில் வைத்தார்கள். இருட்டில் வளர்ந்தால் முளை வெளிர் மஞ்சளாக, நெட்டையாக வரும். பிறகு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் பச்சை பிடிக்கும். அம்மன் கோயில் முளைப்பாரிக்குச் செய்கிற அதே வேலைதான். அதனால் கிராமத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பரீட்சைக்குள் நுழையுமுன் ஒரு கை தண்ணீர் தெளித்துவிட்டுப் போகிற பெண்களைப் பார்க்க வேண்டும் நீ. ஒருத்தி சமூக அறிவியல் தாளைக் கொடுத்ததும் ஓடிப்போய் முளையை ஸ்கேலால் அளந்தாள்.

ஆடு மாடு பொம்மைகள் பாதி உடைந்து கிடந்தன. வீட்டில் இருப்பதைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவைத்தேன். ஒரு பெண் அவர்கள் வீட்டுக் கொலுப் பெட்டியிலிருந்து செட்டியார் பொம்மையையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். தொந்தியும் கடுக்கனுமாக, முன்னால் பருப்பு, மிளகாய், மஞ்சள் எல்லாம் குட்டிக் குட்டிக் குவியலாக. பெத்லகேமில் இடையர்களுக்குப் பக்கத்தில் கடை பரப்பி உட்கார்ந்திருந்தார் மனுஷன். எடுத்துவிடலாமா என்று சிஸ்டரைக் கேட்டேன். "மாதா, சூசை, பாலன் மூவரும் நாற்பது நாள் அங்கே சமைத்துச் சாப்பிட வேண்டாமா? இருக்கட்டும்," என்றார். பர்மா, மலேயா என்று கடை போட்ட நம்மவர்கள் பெத்லகேமை மட்டும் விட்டுவைப்பார்களா என்ன!

விழாவில் நாடகமும் உண்டு. ஏரோது அரசன் இன்றைக்கும் கட்டபொம்மன் குரலில்தான் கர்ஜிக்கிறான். அது எந்தக் காலத்திலும் மாறாது போலிருக்கிறது. கபிரியேல் தூதராக வந்த பெண்ணுக்கு ஒரு பக்கச் சிறகு கழன்று தொங்கியது, அவள் அசரவில்லை, அதைக் கையில் பிடித்துக்கொண்டே மங்களவார்த்தை சொன்னாள். சீட்டில் பேர் எடுத்துப் பரிசு கொடுப்பதும் உண்டு, ஆனால் கையால் செய்த பொருளாக இருக்க வேண்டும் என்று கட்டுப்பாடு. எனக்கு ஒரு ஆறாம் வகுப்புக் குழந்தை பனையோலைக் கொட்டான் ஒன்று முடைந்து கொடுத்தது. கொஞ்சம் கோணல். மேசையில் சாக்பீஸ் போட வைத்திருக்கிறேன். சவுண்டு பாக்ஸ் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. அதைப் போட்டதும் பிள்ளைகள் பாடுவது நின்றுபோய் ஆடுவது மட்டும் மிஞ்சுகிறது. அடுத்த வருஷச் சண்டை அதற்குத்தான்.

எங்கள் நகரத்தார் வீட்டுப் பிள்ளையார் நோன்பு இந்த முறை கிறிஸ்துமஸை ஒட்டியே வந்தது. திருக்கார்த்திகையிலிருந்து 21-ஆம் நாள் என்பதால் சில வருஷம் அப்படி அமைந்துவிடும். சிஸ்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பார்த்ததே இல்லை என்றார், வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தேன். வீட்டு முற்றத்து வளவில் எல்லாரும் உட்கார்ந்திருக்க, அப்பச்சி கோடி வேட்டியில் எடுத்த 21 இழைத் திரியை மாவில் வைத்து ஏற்றி, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுத்தார். சுடரோடு நாங்கள் விழுங்குவதைப் பார்த்துச் சிஸ்டர் மிரண்டுபோய், "தொண்டை சுடாதா ஐயா?" என்றார். அப்பச்சிக்குத்தான் காது கேட்காதே! "எனக்கு உண்டா" என்று கேட்பதாக நினைத்து, அவருக்கும் ஒன்றை ஏற்றி நீட்டிவிட்டார். சிஸ்டர் என்னைப் பார்த்தார், நான் உத்தரத்தைப் பார்த்தேன். டபக்கென்று வாயில் போட்டுக்கொண்டு, "நெய் நல்ல நெய்," என்றார். போகும்போது ஐந்து வகைப் பொரியும் கருப்பட்டிப் பணியாரமும் விடுதிப் பிள்ளைகளுக்கென்று கட்டிக்கொடுத்தேன்.

பாலனைப் பார்க்க வந்த மூன்று அரசர்களை நம் காலத்தில் செய்ததுபோலவே வராந்தாக் கோடியில் வைத்து, நாளுக்குக் கொஞ்சம் நகர்த்தி, அவர்கள் திருநாளான ஜனவரி 6 அன்று குடிலில் சேர்க்க வேண்டும் என்று ஏற்பாடு. விடுமுறையில் நகர்த்தும் வேலை வாட்ச்மேன் அண்ணனுக்கு. நேற்றுப் பள்ளி திறந்து பார்த்தால் மூவரும் எப்போதோ வந்து சேர்ந்து செட்டியார் கடை வாசலில் நிற்கிறார்கள்! "மழைச்சாரல் அடிச்சுது டீச்சர், நனையட்டும்னு விடுறதா?" என்கிறார். எட்டாம் வகுப்பு ஒப்பவில்லை, திரும்ப வராந்தாக் கோடிக்கே அனுப்பிவிட்டார்கள்.

ஒரு காரியம் செய். நம் பாட்டு டீச்சர் சொல்லிக்கொடுத்தார்களே பாலனுக்கு ஒரு தாலாட்டு, அதில் இரண்டாவது சரணம் எனக்கு வரவே மாட்டேன் என்கிறது. உனக்குத் தெரியாமல் இருக்காது, முதல் வரிசையில் நின்றவள் நீ. எழுதி அனுப்பு, மெட்டை போனில் பாடிக்காட்டு. அடுத்த டிசம்பரில் முடிந்தால் நேரிலேயே வா. எழும்பூரில் பல்லவனில் ஏறினால் ராத்திரி காரைக்குடி, ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். படியேறத்தான் முழங்கால் வேண்டும், பயிற்சியை விடாதே.

உன்
குண்டு