616 இல்ல சார், 615

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாணவர் பக்கத்துல செஸ் போர்டு கதை படிச்சேன், முதல் கட்டத்துக்கு ஒரு தானியம், அடுத்ததுக்கு 2, அப்புறம் 4னு 64 கட்டமும் நிரப்புற அதே பழைய கதைதான், கதையில குறை சொல்ல ஒன்னுமில்ல. ஆனா மொத்தம்னு நீங்க போட்ட நம்பர் 616ல முடியுது. சரியான விடை 1,84,46,74,40,73,70,95,51,615. 1+2 கூட்டினா 3, 1+2+4 கூட்டினா 7, எப்பவும் அடுத்த கட்டத்தோட கணக்குக்கு ஒன்னு கம்மியாத்தான் வரும், அதனால மொத்தம் 2ஐ 64 தடவை பெருக்கி அதுல ஒன்னு கழிக்கணும்.

இவ்ளோ பெரிய நம்பர்ல ஒன்னு கூடினா என்னப்பானு கேக்கலாம். தானியத்துக்கு ஒன்னும் ஆகாதுதான், கணக்குக்கு ஆகும். நீங்க போட்ட நம்பரைப் பிரிச்சா வெறும் 2, 2, 2தான், வேற பகா எண்ணே உள்ள கிடையாது. ஒன்னு கழிச்சதும் அந்த 2 மொத்தமா காணாமப் போயிடுது, பதிலுக்கு 3, 5, 17, 257, 641, 65537, 6700417னு ஏழு பகா எண் வருது, ஒவ்வொன்னும் ஒரே தடவை. உங்க நம்பருக்கு வகுத்திகள் 65, சரியான நம்பருக்கு 128!

இதைப் பிரிக்க கம்ப்யூட்டர்லாம் தேவையில்ல, ஸ்கூல்ல படிச்ச ரெண்டு வர்க்கத்தோட வித்தியாசம் ஃபார்முலாவையே, அதாவது a² − b² = (a − b)(a + b), திரும்பத் திரும்பப் போட்டா போதும், 2ஐ 64 தடவை பெருக்கினதும் ஒரு வர்க்கம், 1ம் ஒரு வர்க்கம், அதனால உடைச்சுக்கிட்டே போகலாம். உடைஞ்சதைக் கீழ இருந்து சேர்த்துப் பார்த்தா, 3ஐ 5ஆல பெருக்கினா 15, அதை 17ஆல பெருக்கினா 255, அதை 257ஆல பெருக்கினா 65535, அதை 65537ஆல பெருக்கினா 4294967295, கடைசியா இதை 4294967297ஆல பெருக்கினா நம்ம நம்பர் வந்து நிக்கும். இந்தக் கடைசி ஆளுதான் வில்லங்கம் புடிச்சவர். 17ஆம் நூற்றாண்டுல ஃபெர்மாங்கற கணித மேதை, 3, 5, 17, 257, 65537 மாதிரி இதுவும் பகா எண்தான்னு நம்பினார், 1732ல ஆய்லர்ங்கற இன்னொரு கணித மேதை வந்து 641ஆல வகுத்துக் காட்டிட்டார். அவர் சும்மா குருட்டாம்போக்குல தேடல, இதை வகுக்கிற பகா எண் எதுவா இருந்தாலும் அதை 64ஆல வகுத்தா மீதி 1 வந்தே ஆகணும்ங்கறது பின்னாடி அவரே நிரூபிச்ச விஷயம், அப்படிப் பார்த்தா 193, 257, 449, 577, அடுத்ததே 641. அஞ்சே அஞ்சு வகுத்தல், முடிஞ்சுது.

இன்னொன்னு, அந்த 4294967295 இருக்கே, வெறும் ஸ்கேலும் காம்பஸும் வெச்சு வரைய முடியும்னு இதுவரைக்கும் தெரிஞ்ச ஒழுங்கு பலகோணங்கள்ல ஒற்றைப்படை பக்கங்கள்னு எடுத்தா அதுதான் பெருசு. 17 பக்கத்துக்கு முடியும்னு காஸ்ங்கற கணித மேதை 1796லயே கண்டுபிடிச்சிட்டார், அப்போ அவருக்கு இருபது வயசுகூட ஆகல.

இவ்ளோவும் இருக்க, உங்க கட்டுரை "20 இலக்கம், அடேங்கப்பா"னு சொல்லிட்டு முடிஞ்சுபோச்சு. திருத்தம் போடறப்போ 615னு மாத்திட்டு விட்டுடாதீங்க சார், 4294967297ஐயும் 641ஐயும் சேர்த்துப் போடுங்க, பசங்க பேப்பர்ல வகுத்துப் பார்த்துக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்