எங்கள் ஊர் உழவர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நிர்வாகக் குழு மாதந்தோறும் கூடியது. ஐப்பசியில் மட்டும் மழையால் கூடவில்லை. சந்தா பாக்கியைப் பற்றிப் பொருளாளர் பேசுவார், நான் பேசினால் சண்டை வரும். வாய்க்கால் தூர்வாரக் கொடுத்த மனு அப்படியே கிடக்கிறது. சரி, மழைக்காலத்தில் அறுவடைக்கு வரும் குறுவை நெல்லுக்கு வருகிறேன்.

விளைச்சலில் குறையில்லை. வந்த நெல்லைக் காப்பாற்றுவதில்தான் கோட்டை விட்டோம். அரசுக் கொள்முதலுக்கு நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 2022 அக்டோபரில் மத்திய அரசு அதை 19 வரை தளர்த்தியது நினைவிருக்கும். ஆனால் அடைமழையில் அறுக்கும் நெல் 20-ஐத் தாண்டித்தான் களத்துக்கே வருகிறது. பரப்பினால் சாயங்காலம் தூறல். மூடினால் தார்ப்பாய்க்குள் வேர்த்துச் சூடேறி முளை கட்டுகிறது. எடை போட்டு அடுக்கிய சிப்பங்களும் (நெல் மூட்டைகளும்) லாரி வராமல் நனைந்தன.

ஒரு சிப்பம் 40 கிலோ. புழுங்கல் போட்டு அரைத்தால் சுமார் 27 கிலோ அரிசி. உணவுப் பாதுகாப்புச் சட்டக் கணக்கில் ஆளுக்கு மாதம் 5 கிலோ. ஆக, முளைத்துப் போன ஒவ்வொரு சிப்பமும் ஐந்து பேருடைய ஒரு மாத ரேஷன். நம் நஷ்டத்தை ரூபாயில் மட்டும் எழுதி எனக்குப் பழகிவிட்டது. இந்த முறை இப்படியும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

குறை முழுவதையும் கொள்முதல் நிலையத்தின் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை. அறுவடை இயந்திரம் பக்கத்து ஊருக்கு வந்துவிட்டது என்றதும், கதிரில் பனி காயுமுன்பே வயலில் இறக்கினோம். நானும்தான். வெயில் ஏறும்வரை பொறுத்திருக்கலாம்; வண்டி கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம்.

இந்தத் தொல்லை நம் தாத்தாக்களும் பட்டதுதான். 1960களில் ஏடிடி 27 என்ற குறுகிய கால நெல் ரகம் வந்து குறுவை பெருகியபோது, ஈர நெல்லை என்ன செய்வது என்று பார்க்கத் திருவாரூரில் ஒரு சிறு ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். அது வளர்ந்து இன்று தஞ்சாவூரில் புதுக்கோட்டை சாலையில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக இருக்கிறது. பஸ்ஸில் எத்தனையோ தடவை அதைத் தாண்டிப் போயிருக்கிறோம், உள்ளே போனதில்லை. தை பிறந்ததும் ஒரு குழு போய் நெல் உலர்த்திகளைப் பற்றி விசாரித்து வருவதாகத் தீர்மானித்திருக்கிறோம்.

இந்த ஆண்டு வாங்கியவை ஒரு ஈரப்பதமானியும் சில தார்ப்பாய்களும். ஈரப்பதமானி வாங்கியபோது, பல்லில் கடித்துப் பார்த்தால் தெரியாதா என்று கேலி செய்தவர்கள்தான் இப்போது அதற்கு வரிசையில் நிற்கிறார்கள். கூரை போட்ட சிமெண்ட் களம் கேட்டு ஊராட்சியில் மனு கொடுத்திருக்கிறோம். நடமாடும் உலர்த்தி கிடைத்தால் டீசல் செலவை யார் ஏற்பது என்பதை இன்றே கூட்டம் முடிவு செய்ய வேண்டும்.

அப்புறம், தார்ப்பாய் ஒன்று இன்னும் திரும்பி வரவில்லை. யார் வீட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நாளைக்குள் வந்து சேர்ந்தால் பெயர் பதிவேட்டில் ஏறாது.

செயலாளர்