அந்த ஒரு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கடந்த ஞாயிறு இதழில் வன்னியின் இளவயதுக் கர்ப்பங்கள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். "மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்களிடையே இது சாதாரணம்" என்ற வரியோடு பத்திரிகையை மூடிவைத்துவிட்டேன். 1977 இனக்கலவரத்தில் அடிபட்டு ஓடிவந்தவர்களின் பேரப்பிள்ளைகளைத்தான் அப்படிச் சொல்கிறீர்கள். முள்ளிவாய்க்கால் வரை நடந்து, செட்டிகுளம் முகாமில் கிடந்தவர்களிலும் அவர்கள் உண்டு. இன்னும் எத்தனை தலைமுறைக்கு அவர்கள் 'வந்தவர்கள்'?

நான் வவுனியா மாவட்டத்தில் 31 வருடம் குடும்பநல உத்தியோகத்தராக, வீடுவீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்ப்பவளாக, இருந்தவள். என் பிரிவில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் இருந்தார்கள். பதினெட்டு வயதாகாத பிள்ளைத்தாச்சிகளை எல்லா வீடுகளிலும் பதிந்திருக்கிறேன். மெல்லப் பேச்சுக் கொடுத்தால் ஒரே மாதிரிக் கதைதான் அதிகம் வந்தது. குடித்துவிட்டு அடிக்கும் தகப்பன், இல்லாவிட்டால் இரவில் பக்கத்தில் வந்து படுத்த உறவுக்காரன்.

ஒரு பிள்ளைக்கு வயது 15. தாய் குவைத்தில். "காதல்தான், மிஸ்" என்று அம்மம்மா முடித்துவிட்டா. இரத்த அமுக்கம் பார்க்கக் கையைத் தொட்டேன், சுருட்டிக்கொண்டாள். அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் தரம் போனபோதுதான் வாய் திறந்தாள். ஒன்பது வயதிலிருந்து நடந்திருக்கிறது. அந்தப் பையனோடு போனதே அந்த வீட்டை விட்டுத் தப்புவதற்குத்தான். இவளைத்தான் உங்கள் கட்டுரை 'கைபேசியால் கெட்டுப்போன தலைமுறை' என்கிறது.

அமெரிக்காவில் 9,000க்கு மேற்பட்ட பெண்களிடம் விசாரித்த ஓர் ஆய்வு 2004 இல் வந்தது, நீங்கள் அறிந்திருப்பீர்கள். சிறுவயதில் துன்புறுத்தலோ வீட்டு வன்முறையோ அதுபோன்ற வேறெதுவுமோ காணாதவர்களில் 16 வீதமானோர் பதின்ம வயதில் கர்ப்பமானார்கள். அப்படி ஏழு, எட்டு வகைத் துன்பங்களைக் கண்டவர்களில் அது 53 வீதம். கட்டுரையில் இதற்கு ஒரு பந்தியாவது இருந்திருக்கலாம்.

2009 இல் முகாமில் நான் பதிந்த தாய்மாரில் சிலர், புலிகள் படைக்குப் பிடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் பதினைந்து வயதில் கட்டிக்கொடுக்கப்பட்டவர்கள். அவர்களையும் ஊர் ஒழுக்கத்தை வைத்துத்தான் பேசியது. 16 வயதாகாத பிள்ளையின் சம்மதம் சட்டத்தில் சம்மதமே அல்ல. அப்படியிருந்தும் முன்பொரு தரம் அப்படிப்பட்ட ஒரு பிள்ளையைப் பற்றிய செய்திக்கு "காதலனுடன் ஓட்டம்" என்று நீங்கள் தலைப்புப் போட்டீர்கள். ஊர்ப் பெயரும் அவள் படித்த வகுப்பும் கீழே இருந்தன. எங்கள் ஊரில் அது போதும், யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவள் பள்ளிக்கூடத்தை விட்டே நின்றுவிட்டாள். அதைப் பற்றி அப்போதே எழுதினேன், கடிதம் வெளிவரவில்லை.

சரி, இந்தக் கடிதத்தையும் நீங்கள் போடாவிட்டால் பரவாயில்லை. இப்படியான செய்திகளில் ஊரையும் வகுப்பையும் எடுத்துவிடுங்கள். அடியில் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்தைப் போடுங்கள். அதற்கு ஒரு வரி இடம் போதும்.

ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்,
வவுனியா