சாயத்துக்கென்று பிறந்த திராட்சை

அழகன்குளம்,
பங்குனி 10

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. வத்தல் காயும் களத்தை விட்டு நகர முடியவில்லை, அதனால்தான் தாமதம். தை மாதம் பெய்த மழையில் பாதி முண்டு மிளகாய் வெளுத்துப் போனது. காரம் குறையவில்லை, ஆனாலும் வியாபாரி நிறத்தைப் பார்த்துத்தான் விலை சொல்கிறார். மனசு ஆறவில்லை.

தங்கச்சி மகன் லீவில் வந்திருக்கிறான். போர்ச்சுகலில் அலென்தேஜு பக்கம் திராட்சைத் தோட்டத்தில் வேலை. அவன் போனில் ஒரு படம் காட்டியதும் உன் ஞாபகம்தான் வந்தது. கறுத்த பழம் ஒன்றைக் குறுக்கே வெட்டி உள்ளங்கையில் வைத்திருக்கிறான். உள்ளே சதையெல்லாம் ரத்தச் சிவப்பு! உன் பன்னீர் திராட்சையைப் பிதுக்கினால் தோல்தான் கறுப்பு, சதை வெளிர்ப் பச்சை. சிவப்பு ஒயினுக்கான பழங்களும் பெரும்பாலும் அப்படித்தானாம். தோலோடு ஊறினால்தான் நிறம் இறங்கும். இதற்குச் சாறே சிவப்பு. அறுவடை நாளில் கைரேகைக்குள் சாயம் இறங்கிவிடும், சோப்பு போட்டால் நீலமாகத் திரும்பும் என்றான்.

பெயர் அலிகான்ட் பூஷே. கேட்டதோடு விடாமல் தேடிப் படித்தேன். தெற்குப் பிரான்சில் அரமோன் என்று ஒரு ரகம் காய்த்துத் தள்ளும், ஆனால் அதன் ஒயின் வெளிறிக் கிடக்கும். 1824-ல் லூயி பூஷே என்பவர் அதைச் சிவந்த சதையுள்ள ஒரு ரகத்தோடு மகரந்தச் சேர்க்கை செய்து கலந்தார். அந்த ரகத்தின் பெயருக்கே பிரெஞ்சில் சாயக்காரர் என்று அர்த்தம். அந்தக் கலப்பை அவர் மகன் ஆன்ரி பின்னால் கிரெனாஷ் ரகத்தோடு சேர்த்துத்தான் இந்தப் பழம் வந்தது. அப்பா தொடங்கிய வேலையைப் பல வருஷம் கழித்து மகன் முடித்திருக்கிறான், பாரேன்.

ஆனால் வெளிறிய ஒயினுக்கு நிறமேற்றும் வேலைதான் இதற்கு வாய்த்தது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. வீட்டளவில் திராட்சைச் சாறு புளிக்கவைக்க வழி இருந்தது. கலிபோர்னியாவிலிருந்து கிழக்கே ரயிலில் போன பழங்களில் இதற்கு நல்ல கிராக்கி. தோல் தடிமன், அழுகாமல் போய்ச் சேரும். சக்கையில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி மறுபடி பிழிந்தாலும் சிவப்பாகவே வருமாம்.

நம் வீட்டு மீன் குழம்பை நினைத்துக்கொண்டேன். காரத்துக்கு முண்டு, நிறத்துக்குக் காஷ்மீரி மிளகாய். குழம்பின் நிறத்தைப் புகழ்கிறவர்கள் காஷ்மீரியின் பேரை எடுப்பதே இல்லை.

அலென்தேஜுவில் கோடையில் நாற்பது டிகிரி தாண்டும், நம் ஊர் வெயில்தான். அந்த வெயிலில் இந்தப் பழம் நன்றாகப் பழுத்து, சாயத்தோடு சுவையும் கொடுத்தது. இப்போதும் திரிங்கதெய்ரா, அரகோனேஷ் போன்ற ரகங்களோடு கலக்கத்தான் அதிகம் போகிறது. ஆனால் இதன் பெயரையே முன்னால் போட்டு விற்கும் ஒயினும் அங்கே உண்டு. அப்புறம் இன்னொன்று: ரோமானியர் காலத்து வழக்கப்படி ஆளுயரத் தாழியில் புளிக்கவைப்பது அங்கே இன்னும் இருக்கிறதாம். நம் ஊர் மேட்டில் தோண்டியபோது கிடைத்த ரோமானிய மதுச்சாடி ஓடுகளைப் பற்றி அவனிடம் சொன்னேன். சின்ன வயதில் அந்த மேட்டில்தான் விளையாடியிருக்கிறான், அவனுக்கு அது தெரியவில்லை.

பன்னீர்க் கொடியைப் பிடுங்கிவிடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் செல்வம். ஜூஸ் கடை விலையை வைத்து அதை எடை போடாதே. உன் பன்னீருக்கும் என் முண்டுக்கும் 2023-ல் ஒரே வருஷத்தில் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்னும் ஒரு வருஷம் பொறுத்துப் பார்.

அங்கே வருஷத்துக்கு ஒரே அறுவடை. உங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் வருஷம் முழுக்கக் காய்க்கும் என்றால் பையன் நம்ப மாட்டேன் என்கிறான். இரண்டு நாள் உன் தோட்டத்தில் நின்று கொடிகளைக் கவாத்து வெட்டுவதைப் பார்க்க வேண்டுமாம். சித்திரை பிறந்ததும் போர்ச்சுகலுக்குக் கிளம்பிவிடுவான். அதற்குள் எந்தக் கிழமை வரலாம் என்று எழுது. வெளுக்காத முண்டாகப் பொறுக்கி இரண்டு கிலோ அவன் கையில் கொடுத்து விடுகிறேன்.

அன்புடன்,
முருகேசன்